ஆறரை சென்டிமீட்டர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்தானே, நினைவிருக்கிறதா? டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது குழந்தைங்க ஆஸ்பத்திரிங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, "தெரியும்ங்க. சிஸ்டரைப் பார்க்கணும். உயரம் அளந்துட்டுப் போயிடுவேன்" என்றான். நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து உங்கள் வேலையில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

சீருடைப் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இவ்வளவு உயரம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று அதற்கு ஒரு விதி. நான் அவனை மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் கீழே இறக்கி, மறுபடி ஏறி நிற்கச் சொன்னேன். மூன்று முறையும் அரை சென்டிமீட்டர் குறைந்தது. அதையே எழுதிக் கொடுத்தேன். அவன் போன பிறகு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அரை சென்டிமீட்டர்தானே சிஸ்டர், சேர்த்துப் போட்டிருந்தா பாவம், சந்தோஷமா போயிருப்பானே?" நான் வெடுக்கென்று, "உன் வேலையைப் பாரு" என்றுவிட்டேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நல்ல கேள்வி அது. அதற்குப் பதில் கொஞ்சம் நீளம், அதோடு எனக்குக் கொஞ்சம் அவமானமும்கூட. நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் நான் செய்த வேலை இதுதான்: பிள்ளைகளைப் படுக்கவைத்து அளந்தேன், பிறகு நிற்கவைத்து அளந்தேன். ஊசி போடுகிறவளைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறப்பதில்லை. அளக்கிறவளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. உங்களை உயரம் அளக்கும் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கச் சொன்னால் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிள்ளை முதல் வருடத்தில் ஓடுகிற ஓட்டம் பிறகு எப்போதும் கிடையாது. ஒரு வயதில் பிறந்த எடை மூன்று மடங்காகிவிடும். போன மாதம் போட்ட சட்டைக்குள் இந்த மாதம் கை நுழையாது. அப்புறம் வேகம் குறையும். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "சோறே எறங்க மாட்டேங்குது சிஸ்டர்" என்று அம்மாக்கள் கண் கலங்குவார்கள். அந்த உடம்புக்கு அப்போது அவ்வளவுதான் தேவை, அது அம்மாக்களுக்குப் புரியாது. தொப்பை உள்ளே போகும், கால் நீளும், கன்னம் வற்றும். பள்ளிக்கூட வயது வந்ததும் வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர், சத்தமே இல்லாமல். கடைசியில் ஒருநாள் மறுபடி ஓட்டம் பிடிக்கும். பெண்பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், பையன்கள் இரண்டு வருடம் பின்னால் வருவார்கள்.

கைக்குழந்தை வளராவிட்டால் தெருவே கேட்கும். பதினான்கு வயதுப் பையன் வளராவிட்டால் அவனே கண்ணாடி முன்னால் நின்று அழுவான். நடுவில் இருக்கும் அந்தச் சத்தமில்லாத வருடங்களில் ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. தினமும் பார்க்கிற அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற நமக்குத்தான் தெரியவேண்டும். நமக்கும் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அவனை முகிலன் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பெயர் செல்வி. மண்ணச்சநல்லூரில் அரிசி மில்லுக்குப் பக்கத்துத் தெரு. அப்பாவுக்கு வளைகுடாவில் கிரேன் ஓட்டும் வேலை. கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவன் வயிற்றில் இருக்கும்போதே செல்வி சமயபுரம் மாரியம்மனுக்கு முதல் முடி தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போடவேண்டும், அப்பா பக்கத்தில் இருக்கவேண்டும், வயதும் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். ஒரு வயதில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று வயதில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. ஐந்து வயதில் மாமன் மனைவி முழுகாமல் இருந்தாள், அந்தச் சமயத்தில் மாமன் மடி ஆகாதாம். இப்படியே ஏழு வயதுவரை அந்தத் தலையில் கத்தி படவில்லை.

முதலில் பின்னால் சடை போட்டிருப்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, முடி கண்ணில் விழுகிறது, எழுத முடியவில்லை என்று டீச்சர் சொன்னதால் உச்சந்தலையில் தூக்கிக் கொண்டை போட்டு ரப்பர் பேண்டு மாட்ட ஆரம்பித்தாள். வகுப்பில் கேலி செய்வார்கள். இங்கே நாங்கள் எல்லோரும் அவனைக் கொஞ்சுவோம். உருண்டை முகம், உச்சியில் கொண்டை, கேட்டால் கேட்டதற்கு மெதுவாகப் பதில். ஓடமாட்டான், எதையும் உடைக்கமாட்டான். வெயிட்டிங் ஹாலில் மற்ற பிள்ளைகள் ரகளை பண்ணிக்கொண்டிருக்க, இவன் மட்டும் அம்மா மடியில் சாய்ந்து கிடப்பான். "இந்த மாதிரி ஒரு சமத்துப் பிள்ளைய பெத்து வச்சிருக்கியேம்மா" என்று நானே செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது இப்போது.

அவனை அளக்கும்போது பலகையைத் தலையில் இறக்குவேன். பலகை கொண்டையைத் தொடும். அழுத்தினால் முடி இழுத்து அவன் கண் கலங்குவான். கொண்டையை அவிழ்த்தால் செல்வி மறுபடி எண்ணெய் தடவிச் சீவிக் கட்டக் கால் மணி நேரமாகும், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் தொட்ட இடத்தில் நிறுத்தி, கண்ணால் கொஞ்சம் கழித்து எழுதிவிடுவேன். எவ்வளவு கழித்தேன் என்று கேட்காதீர்கள். அன்றன்றைக்குத் தோன்றியதைக் கழித்தேன், கூட்டம் அதிகமான நாளில் கழிக்கவே மறந்தேன். கொண்டை எலுமிச்சம்பழம் அளவிலிருந்து கொய்யாப்பழம் அளவுக்கு வளர்ந்தது. அவனுடைய வளர்ச்சி அட்டையில் உயரக் கோடும் அழகாக ஏறியது. ஆறரை வயதில் நான் எழுதியது நூற்றுப் பதினான்கு.

ஏழு வயதுச் சித்திரையில் எல்லாம் கூடிவந்தது. அப்பா லீவில் வந்தார், பொன்மலை ரயில்வேயில் வேலை பார்க்கும் மாமன் மடி கொடுத்தார், மொட்டை போட்டுக் காது குத்தியாகிவிட்டது. இன்னும் பெரிய சந்தோஷம், இந்த முறை அப்பா செல்வியையும் பையனையும் தன்னோடு அழைத்துப்போகிறார். ஏழு வருடத்தில் அந்த மனுஷன் மகனோடு சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. விசா வந்துவிட்டது, நாளன்றைக்குக் காலை விமானம். அங்கே பள்ளியில் சேர்க்க மருத்துவப் படிவம் ஒன்றில் டாக்டரம்மாவின் கையெழுத்து வேண்டும் என்று மூன்று பேரும் வந்தார்கள்.

அன்று தடுப்பூசி நாள். நிற்க இடமில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு, அப்பா வாங்கிவந்த புதுச் சட்டையில் முகிலன் நின்றான். சட்டை முழங்காலைத் தொட்டது.

"ஏழு வயசுப் பையன் சைஸ்னு சொல்லித்தான் எடுத்தேன் சிஸ்டர். பாருங்க, அங்கி மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

"அதான் நல்லது, ரெண்டு வருஷம் வரும்" என்றாள் செல்வி. "ஸ்கூல் சட்டையும் அப்படித்தான் சிஸ்டர், ஒண்ணாவது சேர்க்கும்போது தச்சது, இன்னும் அதே சரியா இருக்கு. துணி நல்ல துணி."

நான் அவளோடு சேர்ந்து சிரித்தேன். துணியைப் பாராட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

முகிலன் மேலே பார்த்து, "அம்மா, ஃபேனை நிறுத்தச் சொல்லு. குளிருது" என்றான். சித்திரை மாதத்துத் திருச்சியில், நூறு பேர் வேர்த்து வழியும் ஹாலில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்கிறது. அதற்கும் சிரித்தோம்.

பலகையை இறக்கினேன். நூற்றெட்டரை.

அட்டையைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன் நூற்றுப் பதினான்கு. பிள்ளை குறைந்து போகாது. ஆகவே இப்போது பார்த்ததுதான் தப்பு, முட்டியை மடக்கி நின்றிருப்பான், தரையில் ஏதாவது ஏற்ற இறக்கம் இருக்கும் என்று முடிவு கட்டினேன். மறுபடி அளக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் தினமும் சொல்வதும் அதுதானே? ஆனால் பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது, யாரோ டோக்கன் நம்பரைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். நான் நூற்றுப் பதினைந்து என்று எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது கூடியிருக்கவேண்டும் அல்லவா, அந்த நியாயம். டாக்டரம்மா கோட்டைப் பார்த்தார், நன்றாக ஏறியிருந்தது. எடையும் குறைவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செல்வி எனக்குச் சமயபுரத்துக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்யமுடியாது, நம் ஆட்கள் மட்டும்தான் செய்வோம். பழைய எண் தப்பு என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. அது ஏற்கெனவே மையில் இருக்கிறது, நம் கையெழுத்திலேயே இருக்கிறது. இப்போது நம் கண் முன்னால் நிற்கிற பிள்ளையைத்தான் சந்தேகப்படுவோம்.

இரண்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சால் ஸ்டாண்டைத் துடைக்கப் போனேன். தலையில் இறக்கும் பலகையின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சந்தனம்.

துடைக்கப்போன கை நின்றுவிட்டது. முகிலனை அளந்த நாட்களில் அந்தப் பலகையில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், ஒருமுறை கனகாம்பரம்கூட ஒட்டியிருந்தது. சந்தனம் மண்டையில் தடவுவது. அப்படியென்றால் இரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் இந்தப் பலகை முதல் தடவையாக அவன் மண்டையைத் தொட்டிருக்கிறது. நூற்றெட்டரைதான் நிஜம். ஐந்து வயதில், சடை போட்டிருந்த காலத்தில், நான் எழுதியது நூற்றாறு. இரண்டு வருடத்தில் இரண்டரை சென்டிமீட்டர். மீதி எல்லாம் முடி.

பிறகு ஒவ்வொன்றாக வந்து நின்றது: சின்னதாகாத பள்ளிக்கூடச் சட்டை, ஃபேன் குளிர், ஓடாத கால், மடியை விட்டு இறங்காத சமத்து. ஒருமுறை செல்வி, "எவ்ளோ எண்ணெ வச்சாலும் முடி நாராட்டமே கெடக்கு" என்றாளே, அதுவும். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன்.

கூச்சப்படாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பிள்ளையைப் பற்றிய கவலை இல்லை, வேலையைப் பற்றிய பயம். "ஸ்டாண்டு லூசா இருந்திருக்கு டாக்டர், எல்லாருக்குமே தப்பா காட்டுது" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஸ்டாண்டுக்கு வாய் இல்லை. போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அந்தப் பொய்யை மனதுக்குள் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா சாப்பாட்டுக்கு நடுவில் எடுத்தார். கொண்டையையும் நூற்றெட்டரையையும் மட்டும் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நூத்தியெட்டரை வந்திருக்குன்னா, அந்த நூத்திப் பதினஞ்சு எங்கேருந்து வந்துச்சு?"

ஸ்டாண்டு அந்த எண்ணைக் காட்டவில்லை. அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"நான் போட்டேன் டாக்டர்."

தட்டை நகர்த்தும் சத்தம் வந்தது. "நான் அஞ்சு மணிக்கு வரேன். அதுக்குள்ள அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

அட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, டோல்கேட்டில் இறங்கி, மண்ணச்சநல்லூர் பஸ் மாறினேன். கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை, மணல் வெயிலில் கண்ணைக் குத்தியது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது, மாமன் அதன் மேல் முழங்காலை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார், ஊறுகாய் பாட்டிலை எந்தத் துணியில் சுற்றுவது என்று இரண்டு பெண்களுக்குள் வாக்குவாதம். என்னைப் பார்த்ததும் செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சிஸ்டர், வழியனுப்ப வந்தீங்களா? உக்காருங்க, டீ போடறேன்."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முகிலன் இரண்டு வருடமாகச் சரியாக வளரவில்லை, நான் கொண்டையோடு சேர்த்து அளந்து தப்பாக எழுதியிருக்கிறேன், இன்று காலையில் சரியான எண் கண்ணில் பட்டும் மாற்றி எழுதிவிட்டேன், காரணம் என்னவென்று இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், இன்றைக்கே பார்க்கவேண்டும்.

மாமன் பெட்டியிலிருந்து எழுந்தார். "அப்ப ரெண்டு வருஷமா நீங்க முடியத்தான் அளந்தீங்களா?"

"ஆமாங்க."

"இதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி? சலூன்லயே அளந்திருப்பானே!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் பையனைப் பார்த்தார். அவன் சுவரோரம் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற மாமனின் மூத்த மகளோடு முதுகுக்கு முதுகு நிறுத்தினார். அவளுக்கு ஐந்து வயது. இரண்டு பேர் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தது. கொண்டை இருந்தவரை யாருக்கும் அப்படி நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. "ஏழு வருஷம் தள்ளிப் போட்டுட்டோம்னு ஆத்தா எம்புள்ளையக் குறைச்சிட்டாளா சிஸ்டர்?"

"இல்லம்மா. அவன் குறையல. நான் கூட்டி எழுதிட்டேன். முடி எடுத்ததாலதான் அது வெளியில தெரிஞ்சுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஆத்தாதான் காட்டிக்குடுத்திருக்கா" என்றாள். நான் மறுக்கவில்லை. மாரியம்மன் செய்யாவிட்டால் அந்த வேலையை நானா செய்தேன்?

ஐந்து மணிக்கு வந்தார்கள். அப்பா வழி முழுக்கப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் மதியம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட வேலையை நிறுத்தியிருந்தது. பிறவியில் வந்ததில்லை, நடுவில் வந்தது, அதனால் மூளை வளர்ச்சிக்குப் பயப்படவேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஐந்து வயதுதான் ஆகியிருந்தது. அதுவும் நல்ல செய்திதான், வளர இன்னும் காலம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆனால் முதல் சில மாதங்கள் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும், பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்றார்.

அடுத்த நாள் காலை விமானத்தில் அப்பா மட்டும் போனார்.

நான் செய்ததன் விலை எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வயதில் நான் அந்தக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லியிருந்தால் அப்போதே மாத்திரை ஆரம்பித்திருக்கும், ஏழு வயதில் மூன்று பேரும் ஒன்றாக விமானம் ஏறியிருப்பார்கள். ஏழு வருடம் காத்திருந்த குடும்பத்தை நான் இன்னொரு வருடம் காக்கவைத்தேன். எதற்கு? வரிசையில் ஒரு கால் மணி நேரம் மிச்சம் பிடிப்பதற்கு.

அட்டையில் நான் எழுதிய தப்பான எண்களை ஒயிட்னர் போட்டு மறைக்க டாக்டரம்மா விடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் "முடியோடு அளந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடைசி எண்ணின் பக்கத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நடந்ததை எழுதுங்க" என்றார். "நானாக எழுதியது" என்று எழுதினேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் அனுப்பவில்லை. இனிமேல் ஸ்டாண்டை வேறு யாரும் தொடக்கூடாது, நான்தான் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அது தண்டனையா வெகுமதியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மாதத்தில் செல்வி புகார் சொல்லிக்கொண்டு வந்தாள். "சமத்தா இருந்தான் சிஸ்டர், இப்ப வாலு தாங்கல. மில்லுல நெல்லு மூட்டை மேல ஏறிக் குதிக்கிறான். டீச்சர் டைரில எழுதி அனுப்புறாங்க." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லமுடியவில்லை. எனக்கு அவனைத் தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. அதற்குள் அவன் வெயிட்டிங் ஹாலில் ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டான். புதிதாக முளைத்த முடி பட்டுப் போல இருந்தது. அங்கி மாதிரி இருந்த அந்தச் சட்டை வருடம் முடிவதற்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது.

அடுத்த வருடம் அப்பாவிடம் போனார்கள். லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் அளந்துகொண்டு போவான். பதிமூன்று வயதில் வந்து, கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் தன் தலைக்கு மேல் போய்விட்டார்கள் என்று குறைப்பட்டான். கையையும் பாதத்தையும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன. "செருப்பு சைஸ் மாறுச்சாடா?" என்றேன். "இந்த வருஷத்துல ரெண்டு தடவை சிஸ்டர்." "அப்ப வீட்டுல வாசல் நிலைக்கு உயரம் போதுமான்னு பார்த்து வைக்கச் சொல்லு" என்றேன். முதலில் பாதமும் கையும்தான் கிளம்பும், மற்றவை பின்னால் வரும். அடுத்த லீவில் குரல் உடைந்து, முழங்கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வந்து நின்றான்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பலகையை இறக்குவதற்கு முன் அவனே இரண்டு உள்ளங்கையாலும் முடியைத் தலையோடு அமுக்கிக்கொண்டான். இந்தக் காலத்துப் பையன்களைப் போல மேலே நிமிர்த்திச் சீவியிருந்தான். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது தடவையும் அதே எண்தான் வந்தது. சொன்னேன். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது, பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்து நீட்டினான். கோடு போட்ட எண்கள், என் கையெழுத்துகள், எல்லாம் அப்படியே இருந்தன.

"இதுலயே எழுதிக் குடுங்க சிஸ்டர்."

"ஏன்டா, வேற எங்கயும் அளந்து பார்க்கலையா?"

"ரெண்டு எடத்துல பார்த்தேன். ரெண்டு பேரும் 'எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி, தைரியமா போ'ன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரல. சிஸ்டர் கூட்டிப் போடமாட்டாங்க, அவங்ககிட்டயே போய் பாருன்னு அம்மாதான் சொன்னாங்க."

எழுதிக் கொடுத்தேன். சாயங்காலத்தில் எல்லோருக்கும் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கும், நன்றாகத் தூங்கி எழுந்து காலையில் நின்றால் இதைவிடக் கூடலாம், கூடாமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். தேர்வு காலை ஆறு மணிக்குத்தானாம். "அப்ப பார்த்துக்கலாம் சிஸ்டர், போயிட்டு வரேன்" என்று போனான். இதை எழுதும் இன்றுவரை அவனிடமிருந்து செய்தி இல்லை.

அந்த இரண்டு வருடமும் சரியாக வளர்ந்திருந்தால் இந்த அரை சென்டிமீட்டர் இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்பாவும் அவ்வளவு உயரமில்லை, அதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். அவர் நல்லவர். எனக்குச் சமாதானமாகவில்லை.

அரை சென்டிமீட்டர்தானே, சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டாயே அம்மா. அந்தப் பையனுக்கு நான் ஒருமுறை ஆறரை சென்டிமீட்டர் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.